பெட்டியின் கண்ணில் படாதவர்கள்

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. கேமராவுல விழற."

லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள் மகள். ஆபீஸ் மீட்டிங். தேநீர் டம்ளரோடு அம்மா சுவரை ஒட்டி நகர்ந்துகொண்டாள். அவளுக்கு இது புதிதில்லை. தகரத்தை அழுத்தி வளைக்கிற ஆலையில் அவளுக்குப் பெருக்குகிற வேலை. பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தாலும், யாராவது படம் பிடிக்க வந்தாலும், பெருக்கும் பெண்களைக் கழிப்பறைக்குப் பின்னால் அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். ஆலை சுத்தமாகத் தெரிய வேண்டும். சுத்தம் செய்தவர்கள் மட்டும் தெரியக் கூடாது.

மகளும் அதே ஆலைக்குத்தான், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வழியாக, வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். போன வருடம் பிரஸ் மெஷினுக்கு அடியில் தகரச் சீவல் அள்ளப் போன ஒருத்திக்கு இரண்டு விரல் போய்விட்டது. மேலிடத்துக்கு மனசு இளகிவிட்டது. அவளை வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு இளகவில்லை. பெட்டி வாங்கும் அளவுக்கு இளகியது. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தலைக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஆள் நெருங்கினால் பெட்டியே மெஷினை நிறுத்திவிடும். எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டுக் காத்திருக்காது. அங்கேயே, அந்தக் கணமே முடிவு. மேலே கேட்காமல் முடிவெடுக்கிற அதிகாரம் அந்த ஆலையில் அது ஒன்றுக்குத்தான் உண்டு.

ஆனால் ஆள் என்றால் யார் என்று பெட்டிக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே. உள்ளே இருக்கிற நியூரல் நெட்வொர்க் பச்சைக் குழந்தை மாதிரி. இது ஆள், இது மெஷின் என்று ஆயிரக்கணக்கில் படம் காட்டினால் பிடித்துக்கொள்ளும். அந்தப் படங்களில் ஆட்களைச் சுற்றிக் கட்டம் போடுவதுதான் மகளின் வேலை.

மீட்டிங் முடிந்து டம்ளரை வைக்கக் குனிந்த அம்மா, திரையில் தன் முதுகையே பார்த்தாள். மெஷினுக்கு அடியில் குனிந்திருந்தாள். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஆபரேட்டரைச் சுற்றிப் பச்சைக் கட்டம். அவளைச் சுற்றி ஒன்றுமில்லை.

"நான் எங்கடி?"



"நீ பேக்ரவுண்டும்மா."

"அப்படின்னா?"

"சுவரு, தூணு, எண்ணெய் டப்பா மாதிரி. பெருக்கறவங்களுக்குக் கட்டம் போடாதேன்னு ஆர்டர். நீங்க நாள் பூரா உள்ள போய் வந்துக்கிட்டே இருக்கீங்களாம். ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்னா உற்பத்தி படுத்துடுமாம்."

"சரிதான். அப்போ விரல் போனது தூணுக்கு."

தன்னால் என்ன செய்ய முடியும், மறுத்தால் வேலை போய்விடும், இந்த நாற்காலிக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று மகள் அடுக்கிக்கொண்டே போனாள். அம்மா சண்டை போடவில்லை.

"போகட்டும் கண்ணு. பெத்தவளைத் தூணுன்னு எழுதிக் குடுத்தாவது உன் வேலை நிலைக்கட்டும்" என்றுவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

அப்படிச் சொன்னதற்குப் பதிலாக அம்மா கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம். மகள் பழைய படங்களையெல்லாம் மறுபடி திறந்து, குனிந்த முதுகு ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டாள்.

புதுப் பாடம் பெட்டிகளுக்குள் ஏறியதும், துடைப்பம் போன இடமெல்லாம் பிரஸ்கள் நின்றன. பெட்டி கெட்டுவிட்டது என்று மேனேஜர் குதித்தார். பெட்டியைப் பொருத்திய இன்ஜினியர் வந்து பார்த்தார்.

"கெடலை சார். ஆள் இருக்கு, நிக்குது."

மேனேஜர் குனிந்து பார்த்தார். அங்கே ஆள் இருப்பது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரமே பெருக்கும் பெண்களுக்குப் புது யூனிஃபார்ம் வழங்கும் விழா நடந்தது. கைதட்டல், மைக், படம் பிடிக்கக்கூட ஆள். எல்லாம் நிர்வாகத்தின் அன்பளிப்பு என்று மேனேஜரே மைக்கில் சொன்னார். நல்ல துணி. பிரஸ் மெஷினுக்கு அடித்திருந்த அதே சாம்பல் நிறம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. சாம்பல் யூனிஃபார்ம் எல்லாம் பேக்ரவுண்ட் என்று அன்றே மகளுக்கு ஆர்டர் வந்திருந்தது. மகள் மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்து, இவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, கூடப் பெருக்குகிறவர்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட்டாள்.

மறுநாள் வாசலிலேயே சூப்பர்வைசர் மறித்தான். ஒருத்தி சிவப்புச் சேலை, ஒருத்தி மஞ்சள், ஒருத்தி பூப்போட்டது. ஒருத்தி உடம்பிலும் சாம்பல் இல்லை.

"புது யூனிஃபார்ம் எங்கம்மா?"

"நல்ல துணிங்க சார். அழுக்காக்க மனசு வரலை" என்றாள் அம்மா.

அன்பளிப்பைக் கட்டாயம் உடுத்து என்று எந்த வாயால் சொல்வது? ஏன் சாம்பல்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டால்? அவன் தலையைச் சொறிந்துகொண்டு விலகினான்.

அம்மா முதல் பிரஸ்ஸுக்கு அடியில் நுழைந்தாள். மெஷின் நின்றது. அடுத்ததும் நின்றது, அதற்கடுத்ததும். அவள் அவசரப்படவில்லை. மூலை மூலையாகப் பெருக்கினாள். எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்தாள். வெளியே சூப்பர்வைசர் மெஷினைத் தட்டித் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஆள் உள்ள இருக்கேன் சார்" என்றாள் அவள். "முடிச்சிட்டு வரேன்."