குறிஞ்சி நகரில் ஏற்கப்படாதவை

அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்த காலமெல்லாம் தெய்வசிகாமணி ஒரே வேலையைத்தான் ரசித்துச் செய்தார். வந்த மனுவைத் திருப்பி அனுப்புவது. கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனால் திருப்புவார், நகல் மங்கலாக இருந்தால் திருப்புவார், ஒரு குறையும் இல்லாத மனு வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்று கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையை ஒட்டிய குறிஞ்சி நகரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாமல் மனுஷன் இளைத்துப் போனார். அஞ்சல்காரர் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையில் ஒரு நாள் இனிஷியலைச் சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்ததைப் பார்த்து அவர் மனைவி ஆண்டாள் பயந்தே போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் நகர் நலச்சங்கம் அவரைச் செயலாளராக்கியது. தலைவர் காசிநாதன், ரைஸ்மில் முதலாளி. எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார், எல்லாத் தீர்மானத்திலும் இருப்பார். குப்பையைப் பிரித்து வாங்கும் திட்டத்தைச் சங்கமே நடத்தலாம் என்று யாரோ சொல்ல, தெய்வசிகாமணியின் முகத்தில் பல மாதம் கழித்து ரத்தம் ஏறியது.

விதிமுறைகள் வந்தன. பச்சைத் தொட்டி மக்குவதற்கு, நீலத் தொட்டி மக்காததற்கு, நாப்கினும் முகக்கவசமும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பையில். பால் கவரை முனை துண்டாகாமல் வெட்ட வேண்டும், கழுவ வேண்டும், காயவைத்துத் தர வேண்டும். அதனால் குறிஞ்சி நகர் மாடிகளில் ஜட்டிக்கும் பாவாடைக்கும் நடுவே பால் கவர்கள் கிளிப் போட்டு ஆடின. தேங்காய் ஓடு மக்குமா மக்காதா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். மக்கும், ஆனால் செயலாளர் ஆயுளுக்குள் மக்காது என்று முடிவானது. வாடிய பூவை நாரில் கட்டியிருந்தால் அப்படியே போடலாம், நைலான் நூலில் கட்டியிருந்தால் உருவிவிட்டுப் போட வேண்டும். உடைந்த கண்ணாடி, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, பிளெக்ஸ் பேனர் எதுவும் எடுக்கப்படாது. தப்பாக வைத்த பையில் ஒட்டுவதற்கென்று அவர் கடைவீதியில் சிவப்பு ஸ்டிக்கர் அச்சடித்து வாங்கினார். 'ஏற்கப்படாது – செயலாளர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைக் கையில் வாங்கிய அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

விதிகளின் கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. குப்பை எடுக்க வரும் பெண்மணி காம்பவுண்டுக்குள் வரக்கூடாது, தண்ணீர் கேட்டால் பாட்டிலில் ஊற்றி வாசலில் வைக்கவும். சுகாதாரக் காரணம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். அந்த விதியைப் பற்றி மட்டும் யாரும் கூட்டத்தில் விவாதிக்கவில்லை.

அந்தப் பெண்மணி கருணாபுரம் காலனிக் குஞ்சம்மாள். தள்ளுவண்டியோடு காலையில் வருவாள். பிரித்து வைத்ததை வாங்குவாள், பிரிக்காமல் வைத்ததைக் கையால் பிரிப்பாள். கையுறை தருவது சங்கத்தின் பரிசீலனையில் இருந்தது.

தெய்வசிகாமணி அவளுக்கு முன்னாலேயே தெருவில் இறங்கிவிடுவார். வாக்கிங் குச்சியால் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். புரட்டாசியில் எந்த வீட்டில் கோழி எலும்பு, ஊருக்கு அறிவுரை சொல்லும் எந்த வாத்தியார் வீட்டில் குவார்ட்டர் பாட்டில் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது. எதையும் வெளியே சொல்லமாட்டார். எலும்பு பச்சையில் இருந்தால் சரி, பாட்டில் நீலத்தில் இருந்தால் சரி. ஒழுக்கத்தில் அவருக்கு அக்கறையில்லை, தொட்டியில்தான்.

இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மனுவும் மறியலுமாக இருந்த தை மாசம் அது. தெய்வசிகாமணியின் ஜனங்களும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். அவரும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். மனு எழுதும் வடிவம் தெரிந்தவர் என்பதால் மைக்கைக் கொடுத்தார்கள். சமூகநீதி என்றால் என்ன, ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்று உருகிப் பேசிவிட்டு வந்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

போராட்டத்துக்கு அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் சின்னதுரை. அதே தெருவில் கடைசி வீடு, போர்வெல் லாரி வைத்திருப்பவர். தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை ரோட்டோரமெல்லாம் அவர் முகம் பிளெக்ஸில் கைகூப்பி நின்றது. முதலில் அடித்த பிளெக்ஸில் அவர் படம் மூலையில் சின்னதாக விழுந்துவிட்டதாம். பெரிய படத்தோடு புதுசு வந்ததும், பழையதை அவர் மனைவி தைலம்மாள் மடித்துக் கட்டி, நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் அவள் கண்ட அரசியல்.

காலையில் தெய்வசிகாமணி வந்தார். மடித்த பிளெக்ஸில் ஒரு வேட்டிக் கரை மட்டும் தெரிந்தது. பிளெக்ஸ் என்று தெரிந்தால் போதாதா? அலுவலகத்திலும் அவர் மனுக்களைப் படித்துவிட்டுத் திருப்பியவர் கிடையாது. ஸ்டிக்கரை நாக்கில் தடவாத குறையாக எடுத்து, நடுவில் பார்த்து ஒட்டிவிட்டுப் போனார். எடுக்கக்கூடாதென்ற விதிப்படி குஞ்சம்மாளும் அதை விட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிவாக்கில் நோட்டீஸ் கொடுக்க வந்த பசங்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'தனி இடஒதுக்கீடு எங்கள் உரிமை'. அதன் அடியில் சிவப்பில் 'ஏற்கப்படாது – செயலாளர்'. மூலையில் சின்னதுரை கைகூப்பிக்கொண்டிருந்தார்.

போட்டோ வாட்ஸ்அப்பில் ஏறியது. மத்தியானத்துக்குள் எந்தச் செயலாளர் என்பதே மாறிவிட்டது. தலைமைச் செயலாளர் என்றும் சொன்னார்கள், உள்துறை என்றும் சொன்னார்கள். சாயங்காலம் உண்மை குறிஞ்சி நகரை வந்தடைந்தபோது கூடவே ஒரு கூட்டமும் வந்தது. மறியலுக்கென்று பழகிய கூட்டம், எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தெய்வசிகாமணி வீட்டு கேட்டை மறித்து உட்கார்ந்தது.

உள்ளே அவர் பூஜையறையில் இருந்தார். கும்பிடவில்லை, அந்த அறைக்குத்தான் ஜன்னல் கிடையாது.

"நானும் உங்க ஆளு தான்னு வெளிய போய் சொல்றது தானே?" என்றாள் ஆண்டாள்.

"சொன்னா ஜாஸ்தி அடிப்பாங்க."

காசிநாதன் ஆள் அனுப்பிக் கூட்டத்தைக் கலைத்தார். மறுநாள் ரைஸ்மில்லில் பேசிக்கொள்ளலாம் என்றார். பேச்சு தொடங்கியதும் ஒரு சிக்கல் வெளியே வந்தது. பேனர் குப்பைக்கு வந்ததே சின்னதுரை வீட்டிலிருந்துதான். தைலம்மாள் தெருவில் பாதிப் பேரிடம் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். சின்னதுரைக்கு வியர்த்துவிட்டது. போராட்டத்தைப் பொண்டாட்டியே குப்பையில் போட்டாள் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் அடுத்த பிளெக்ஸில் மூலையும் கிடைக்காது. தெய்வசிகாமணிக்கும் வியர்த்தது. ஒட்டியது அவர் கை.

காசிநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெல் ஈரத்தைக் கையால் அள்ளிப் பார்த்தே சொல்லக்கூடிய மனுஷன். "நீயும் போடல, அவரும் ஒட்டல," என்றார். "அப்ப அந்தத் தெருவுல குப்பையத் தொடுற ஆளு வேற யாரு இருக்குது?"

குஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியோடு வந்து மில் வாசலில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னாம்மா, அந்த ஸ்டிக்கரை நீ தானே ஒட்டின?" என்றார் காசிநாதன்.

"ஸ்டிக்கர் அய்யா சட்டைப் பையில தானே இருக்கும். நான் எங்க போறேன் அதுக்கு?"

"கீழ விழுந்து கெடந்திருக்கும். தெரியாம எடுத்து ஒட்டியிருப்ப. படிக்கத் தெரியாது இல்ல?"

"பத்தாவது பாஸ் பண்ணியிருக்கேங்க."

காசிநாதன் சின்னதுரை பக்கம் திரும்பினார்.

"அப்ப ரொம்ப நல்லதா போச்சு," என்றார் சின்னதுரை. "தெளிவா பேசுவ. நான் தான் தெரியாம ஒட்டிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்த. போன்ல எடுத்துப் போட்டா எல்லாம் அடங்கிடும். உனக்கு ஒண்ணும் ஆவாது, நான் பார்த்துக்கிறேன்."

குஞ்சம்மாள் தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர் தரையில் சிந்திக் கிடந்த தவிட்டை ஏதோ ஆவணம் போல ஆராய்ந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. நேற்று கேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் ஞாபகம் வர, அது அப்படியே திரும்பி இறங்கிவிட்டது.

"எடுங்க," என்றாள் அவள்.

சின்னதுரை போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எம்பேரு குஞ்சம்மா. குறிஞ்சி நகர்ல குப்ப எடுக்குறேன். பேனர தைலம்மா அக்கா கொணாந்து வெச்சாங்க. ஸ்டிக்கர செக்ரட்டரி அய்யா ஒட்டினாரு. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

போன் இறங்கியது.

"இன்னைலேருந்து நீ வர வேணாம்," என்றார் காசிநாதன்.

"சரிங்க," என்று தள்ளுவண்டியை மில் கேட் குறுக்கே நிறுத்திவிட்டு அவள் நடந்தாள். நெல் ஏற்றி வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வண்டியை நகர்த்த ஒருவரும் கை வைக்கவில்லை. கடைசியில் லாரி கிளீனர் இறங்கிக் காலால் தள்ளிவிட்டான்.

குப்பைக்காரி தெரியாமல் செய்துவிட்டாள், நீக்கிவிட்டோம் என்று சங்கத்தின் பெயரில் ஒரு செய்தி போனது. போராட்டக்காரர்கள் சமாதானமானார்கள். தெய்வசிகாமணிக்குச் சால்வை போர்த்திப் போட்டோவும் எடுத்தார்கள்.

அதற்கப்புறம் குப்பை எடுக்க ஆள் வரவில்லை. கருணாபுரத்தில் யாரைக் கேட்டாலும் கரும்பு வெட்டப் போறோம், மரவள்ளி பிடுங்க மலைக்குப் போறோம் என்றார்கள். கல்வராயன் மலையில் அத்தனை மரவள்ளி இருப்பது தெய்வசிகாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. பால் கவர்கள் கழுவிக் காய்ந்து கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. பச்சைத் தொட்டிகளில் புழு நெளிந்தது. சிவப்புப் பைகளை நாய் இழுத்துக்கொண்டு போய்க் காசிநாதன் கார் அடியில் பிரித்தது.

வேலையில்லாத நம் பசங்களை அனுப்புகிறேன் என்று சின்னதுரை வாக்குக் கொடுத்திருந்தார். பசங்கள் வந்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள். "இதுக்கா அண்ணே ரோட்டுல உட்கார்ந்து அடி வாங்கினோம்?" என்று கேட்டுவிட்டு பைக்கைத் திருப்பினார்கள்.

அன்று ராத்திரி சோறு போடும்போது ஆண்டாள் சொன்னாள். "எல்லா வேலையிலயும் பங்கு கேட்டுக்கினு தானே இருக்கீங்க. இந்த வேலைய மட்டும் மொத்தமா அவங்களுக்கே வுட்டுட்டீங்களே. பெரிய மனசு தான்."

அவர் மோர் கேட்டார்.

மறுநாள் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு கருணாபுரம் போனார். குஞ்சம்மாள் இப்போது உளுந்தூர்பேட்டை ரோட்டு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு லீவு. வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, விரட்டவும் இல்லை.

வெயிலில் வந்ததில் அவருக்கு நாக்கு ஒட்டியது. "கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

உள்ளே போய் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் கை நீட்டினார். அவள் படியில் வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "எடுத்துக்கோங்க. சுகாதாரம் தான்."

அவர் குனிந்து எடுத்துக் குடித்தார். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. காதெல்லாம் சூடேறியதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீ திரும்ப வரணும், குஞ்சம்மா. கையுறை வாங்கிடலாம். தீர்மானமே போட்டுடலாம்."

"வரேங்க. அன்னைக்கு என்னை வெச்சு ஒண்ணு எடுத்தீங்களே, அதே மாதிரி நீங்க நின்னு ஒண்ணு பேசிப் போடுங்க. நான் தான் ஒட்டினேன், அவ மேல பழிய போட்டோம்னு. ரெண்டே வரி."

"யோசிச்சு சொல்றேன்."

"யோசிங்க," என்று அவள் கீரையை எடுத்துக்கொண்டாள்.

அவர் யோசிக்கத்தான் செய்தார். பீரோ கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தார். முதல் முறை 'ஒட்டப்பட்டுவிட்டது' என்று வந்தது. அடுத்த முறை 'ஒட்ட நேரிட்டது'. 'நான் ஒட்டினேன்' என்ற வாக்கியம் மட்டும் அவர் வாயில் உருவாகவில்லை. ஆயுசு முழுக்கக் கோப்பில் எழுதிய மனுஷன், யாரும் எதையும் செய்யாத தமிழ்தான் அவருக்குப் பழக்கம். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டாள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம், நாற்றம் தாங்காமல் அவள் இரண்டு பைகளைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள். "எங்கயாவது போய்ப் போட்டுட்டு வாங்க. எங்கன்னு என்கிட்ட சொல்ல வேணாம்."

விடியும் நேரத்தில் ஏரிக்கரைக்கு நடந்தார். மேற்கே மலை உச்சியில் வெளிச்சம் விழுந்திருந்தது, கரையில் இன்னும் மங்கல்தான். எதிரே யாரோ நடந்து வந்தார்கள். சின்னதுரை, கையில் ஒரு மூட்டை. பின்னால் தைலம்மாள், அவள் கையில் ஒன்று.

"வாக்கிங்கா சார்?"

"வாக்கிங் தான். நீங்க?"

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு."

இன்னும் கொஞ்சம் தள்ளிக் காசிநாதனின் கார் நின்றது, டிக்கி திறந்திருந்தது. குவார்ட்டர் பாட்டில் வாத்தியார் இருந்தார், புரட்டாசிக் கோழிக் குடும்பம் இருந்தது. நலச்சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்கும் இத்தனை பேர் வந்ததில்லை. ஒருவர் மூட்டையை ஒருவர் பார்க்காமல், மழை உண்டா என்று பேசிக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணி கரையிலிருந்து இறங்கினார். ஒரு பையை அவிழ்த்து வேலமரத்துக்கு இந்தப் பக்கம் கொட்டினார். இன்னொன்றை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். தவறி விழுந்த ஒரு வாழைப்பழத் தோலைக் குச்சியால் எடுத்து முதல் குவியலில் சேர்த்தார்.

காசிநாதன் டிக்கியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேலே நின்று கேட்டார்: "செக்ரட்டரி, பால் கவர் எந்தப் பக்கம்?"

"கழுவி இருக்குதா?" என்றார் தெய்வசிகாமணி.