ஆல்பியின் நான்கு டிரெய்லர்கள்

அந்த வருஷம் மார்ச்சில், நொடித்துப்போன கம்பெனிகள் நொடித்துப்போகாததுபோல் நடமாட அரசாங்கமே அனுமதி கொடுத்தது. கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்பினால் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்ததை ஆறு மாதம் என்று நீட்டினார்கள். கட்ட முடியாது என்று தெரிந்தே முதலாளி மேலும் கடன் வாங்கினாலும், அவருடைய சொந்தச் சொத்தில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் பெனால்லா ஊரே பெருமூச்சு விட்டது. ரேடியோவில் செய்தியைக் கேட்ட நோரீன் கிட்டோ சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நோரீனுடைய கம்பெனி கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது. கொரோனா வந்து, கல்யாணத்துக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை, பெண், பாதிரியார், இரண்டு சாட்சிகள். பந்தல் யாருக்கு வேண்டும்?

ஏப்ரலில் கணக்காளர் இமோஜென் போன் செய்தாள். வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் பேச்சு கத்தரி வைத்து வெட்டியதுபோல் இருக்கும்.

"கம்பெனி பேர்ல உருப்படியா என்ன சொத்து இருக்கு, நோரீன்?"

"பந்தல் துணி. நாற்காலி. ரெண்டு பழைய அடுப்பு."

"உங்க வீட்டு யார்டுல நாலு குளிர்சாதன டிரெய்லர் நிக்குதே?"

"அது ஆல்பியோடது. நாலு வருஷமா வாடகைக்கு விட்டிருக்கான்."

"ஒப்பந்தம் ஏதாவது எழுதினீங்களா?"

"ஆல்பிகூட ஒப்பந்தமா? கை குலுக்கினோம், பீர் குடிச்சோம்."

இமோஜென் சொன்னாள்: "நம்ம பொருள் ரொம்ப நாள் இன்னொருத்தர்கிட்ட இருந்தா, 'இது என்னுது'ன்னு பிணைப் பதிவேட்டுல ஒரு வரி பதிஞ்சு வைக்கணும். இன்டர்நெட்லயே செய்யலாம், சில டாலர்தான். பதியலைன்னா, கம்பெனி விழுற அன்னிக்கு அந்தப் பொருள் கம்பெனிக்கே சொந்தமாயிரும்."

"இது அநியாயமில்லையா?"

"சட்டம். ஆனா ஒண்ணு. அவர் இன்னிக்குப் பதிஞ்சு, அதுக்கப்புறம் ஆறு மாசம் நீங்க விழாம நின்னா, வண்டிங்க அவருக்கே தப்பிச்சிரும். புதுச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நீங்க அதுவரைக்கும் நின்னுடலாம்."

"அப்போ இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லலாம்." இமோஜெனின் குரல் தணிந்தது. "ஆனா நாளைக்குக் கடன் கொடுத்தவங்ககிட்ட பேரம் பேச உங்க கையில இருக்கறது அந்த நாலு வண்டிதான். அதுவும் இல்லைன்னா கம்பெனியை மூடணும். பேங்க் நேரா உங்க வீட்டுக்கு வரும், கம்பெனிக் கடனுக்கு நீங்க ஜாமீன்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் உங்க கணக்காளர், அவரோடது இல்ல. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

நோரீன் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆல்பி ஸ்ட்ராக்கன் எழுபதைத் தாண்டியவன். முழங்கால் தேய்ந்தபோது பால்பண்ணையை விற்று, வந்த பணத்தில் அந்த டிரெய்லர்களை வாங்கினான். அவனும் அவன் மனைவி டெல்லும் அந்த வாடகையை நம்பித்தான் இருந்தார்கள். நோரீனின் கணவன் ராஸ் இறந்த வருஷம், தொழிலை விட்டுவிடலாம் என்று அவள் நினைத்தபோது, ஆல்பி கேட்காமலே நான்கையும் இழுத்து வந்து அவள் யார்டில் நிறுத்தினான். முடிகிறபோது வாடகை கொடு என்றான். இப்படிப்பட்டவனிடம் ஒரு வரி சொல்வதற்கு ஒருத்திக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

வியாழக்கிழமைதோறும் அவன் வருவான். ஓட்டமில்லாமல் நின்றால் குளிரூட்டும் மோட்டார் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று நான்கையும் சற்று நேரம் ஓடவிடுவான்.

"ஏய் நோரீன், இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"நீ இருக்கும்போது நான் எப்படி முந்திக்கிறது, கிழவா?"

"அதானே, இதுல மட்டும்தான் நீ வரிசையில நிக்கற!"

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"வாடகை நின்னு போச்சு ஆல்பி."

"நின்னா நிக்கட்டும் தாயே. ராஸ் போனப்பவே ஊரை விட்டு ஓடாதவ, இப்பவா ஓடப்போற?"

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆல்பி, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குப் பின்னால் அவள் வீடு தெரிந்தது. ராஸ் தன் கையால் ஓடு போட்ட கூரை.

"உங்க வீட்டு எலுமிச்சை இன்னும் காய்க்குதா? ரெண்டு கிடைக்குமா?"

அடுத்த வாரம் ஒரு வாளி நிறைய எலுமிச்சை வந்து இறங்கியது. அவள் ஒன்றைக்கூட நறுக்கவில்லை. அழுகிய வாடை அடிக்கத் தொடங்கியதும் வாளியைக் குப்பையில் கவிழ்த்துவிட்டுக் கை கழுவினாள். நோரீன் கெட்டவள் இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நம்பித்தான் அவளும் ஒவ்வொரு வியாழனையும் தள்ளிப்போட்டாள். அடுத்த வாரம், குளிர் குறைந்ததும், ஊரடங்கு தளர்ந்ததும் என்று அவளிடம் சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

செப்டம்பரில் அரசாங்கம் சலுகையை வருஷக் கடைசிவரை நீட்டியது. நோரீன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏப்ரலில் சொல்லியிருந்தால் இந்நேரம் அவன் கரையேறியிருப்பான். இனிமேல் சொன்னால் மார்ச் ஆகும், அதுவரை கம்பெனி தாங்காது. ஆக, இனிச் சொல்லியும் புண்ணியமில்லை. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது, அன்று பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். பிற்பாடு நினைத்து நினைத்து அவள் கூனிக் குறுகியது அந்தத் தூக்கத்துக்காகத்தான்.

வருஷக் கடைசியோடு சலுகை முடிந்தது. ஜனவரியில் கம்பெனியை, நொடித்த கம்பெனிகளைக் கவனிக்க மெல்போர்னிலிருந்து வந்த நிர்வாகி ஒருவரிடம் ஒப்படைத்தாள். ஃபென்விக் என்று பெயர், பளபளக்கும் காலணிக்காரர். பிப்ரவரியில், கடன் கொடுத்தவர்களின் கூட்டம் கால்பந்து கிளப் கூடத்தில் நடந்தது. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள், எல்லார் முகத்திலும் மாஸ்க். நாற்காலிகள் நோரீனுடையவை.

ஃபென்விக் திட்டத்தைச் சொன்னார். கம்பெனி தொடர்ந்து நடக்கும், வருகிற லாபத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். "குறிப்பா, நாலு குளிர்சாதன டிரெய்லர் கம்பெனிக்குச் சொந்தமா இருக்கு. அதை வெச்சுத்தான் இந்தத் திட்டமே நிக்குது."

ஆல்பி எழுந்தான். "தம்பி, நீ எதையோ மாத்திப் படிக்கிற. அந்த வண்டிங்க என்னுது."

"பிணைப் பதிவேட்டுல நீங்க பதியலை, மிஸ்டர் ஸ்ட்ராக்கன்."

"நம்பர் பிளேட் என் பேர்ல இருக்கு. இன்சூரன்ஸ் என் பேர்ல இருக்கு. டயரு போன வருஷம் நான்தான் மாத்தினேன். அப்புறம் எப்படிப்பா அது அவளுது?"

"வண்டிப் பதிவு வேற, இது வேற. நிஜமாவே வருத்தமா இருக்கு. சட்டம் அப்படி."

கூடம் சலசலத்தது. மேசைவிரிப்பு சலவை செய்து கொடுக்கும் வெர்ன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "நோரீனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கணக்குக்குன்னு தனியா ஒரு பொண்ணை வெச்சிருக்காளே!"

ஆல்பி சட்டென்று திரும்பினான். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த முகம் சிவந்தது. "வெர்ன், வாயைக் கழுவு! அவளுக்குத் தெரிஞ்சிருந்தா செருப்புக்கூடப் போடாம என் வீட்டுக்கு ஓடி வந்து சொல்லியிருப்பா. என்ன நோரீன்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. தலை தானாக ஆடியது, ஆமாம் என்று.

திட்டத்துக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். வாடகைப் பாக்கி வர வேண்டிய ஆல்பியின் கைதான் முதலில் மேலே போனது. வண்டியை இழந்தவனே தூக்கும்போது நமக்கென்ன என்று ஒருவர் பின் ஒருவராகத் தூக்கினார்கள். கடைசியில் வெர்னும் தூக்கினான். கம்பெனி பிழைத்தது, வீடு பிழைத்தது. இமோஜென் போனில் வாழ்த்துச் சொன்னபோது நோரீன் பாதியில் வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் ஆல்பி மாற்றுச் சாவிகளோடு வந்தான். கொடுத்துவிட வேண்டும் என்று ஃபென்விக் சொல்லியிருந்தாராம். வந்தவன் சும்மா போகவில்லை, நான்கையும் கழுவித் துடைத்தான்.

"மூணாவது வண்டியோட கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், இல்லைன்னா குளிர் நிக்காது. ஆளுங்ககிட்ட சொல்லி வை."

"டெல் என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா! வீட்டை வித்துட்டு அவ தங்கச்சி ஊர்ல சின்னதா ஒண்ணு பாக்கலாங்கறா. அழலை. உன்னைத் திட்டவும் இல்ல, போதுமா?"

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நோரீனால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும், ஆல்பி."

"என்ன தெரியும்?"

"பதிவேடு. போன ஏப்ரல்லயே தெரியும். நீ அப்பவே பதிஞ்சிருந்தா வண்டி உன்கிட்டயே இருந்திருக்கும். வீடு போயிருமேன்னு பயந்து சொல்லாம இருந்துட்டேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அறைந்தால்கூட நல்லது என்று தோன்றியது. ஆல்பி சாவிகளைப் படியில் வைத்தான். ஈரத்துணியை மெதுவாகப் பிழிந்து உதறினான்.

"இதை ஏன் இப்போ சொன்னே?"

"மனசு தாங்கலை."

"உன் மனசு." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "உன் மனசு லேசாயிருச்சா?"

அவள் படியில் கிடந்த சாவிகளைப் பார்த்தாள்.

"நான் தூக்கினதைப் பாத்துத்தான் அத்தனை பேரும் கை தூக்கினாங்க, நோரீன். ஊரு முன்னாடி வெர்னை வாயைக் கழுவச் சொன்னேன். இனிமே அவன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? உண்மையைச் சொன்னா உன் வீடு போகும். சொல்லாட்டி நானும் உன்னைமாதிரிதான்."

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. பிக்கப் வண்டியில் ஏறிக் கிளப்பினான். எப்போதும் கடைத்தெரு வழியாக, பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போகிறவன், அன்று ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் மண்ரோட்டில் திரும்பிப் போனான்.