ஐந்து விநாடி அழுத்தவும்

அந்தக் கிளினிக்கில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஆஃப்-ஆன். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் முதுகைக் காட்டினால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். சும்மா வந்த பெயரும் இல்லை. திரை உறைந்துவிட்டதென்று போன் செய்தாலும் சரி, பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதென்று புலம்பினாலும் சரி, அவனிடம் ஒரே மருந்துதான். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." விடுமுறை நாளில் அந்தப் போனும் வரக்கூடாது என்று, வரவேற்பறைக்குப் பின்னால் சர்வர் இருக்கும் அலமாரியின் கதவில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தான். 'மெதுவாக ஓடினால் உள்ளே இருக்கும் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தவும்.' கீழே ஒரு அம்புக்குறி வேறு.

கிளினிக் அவனுடைய அக்காவுடையது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரலையே இழக்கப் போகிறவர்கள் அவளிடம் வருவார்கள். அவர்களை முன்கூட்டியே உட்கார வைத்து, வீட்டில் தினமும் பேசுகிற வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்வாள். புண் ஆறியதும் அந்த வாக்கியங்களைக் கையடக்கமான ஒரு கருவியில் ஏற்றிக் கொடுப்பாள். பொத்தானைத் தட்டினால் அவரவர் குரலிலேயே பேசும். அந்தக் குரல்களெல்லாம் இருந்தது தம்பியின் சர்வரில். அக்கா தயவில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று நான்கு பேர் பேசுவது அவன் காதிலும் விழுந்ததுதான். அதனாலேயே அவளிடம் ஒரு தப்பையும் அவன் ஒப்புக்கொண்டதில்லை. ஏதாவது சொதப்பினால், "அப்டேட் ஓடுதுக்கா" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று முற்பகலில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்திருந்தது. இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருக்கிறதிலேயே பெரிய ஃபைல் எது என்று தேடினான். 'பழையது' என்று அவனே பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் மலை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. பழையதுதானே என்று அழித்தான். பிறகு எவ்வளவு இடம் மிச்சமாயிற்று என்று பார்த்தான். ஒரு துளிகூட ஆகவில்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்த பிறகும் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல. பெயர்தான் போயிருக்கும், அந்தப் புரோகிராம் பிடியை விடும் வரை ஃபைல் உள்ளேயே இருக்கும். எந்தப் புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தான். 

அக்காவின் குரல் பதிவுப் புரோகிராம்.

போன மாதம் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, இரண்டு நாளைக்கு என்று சொல்லி எல்லாப் பதிவுகளும் அடங்கிய ஃபைலை அந்த 'பழையது' ஃபோல்டரில் தற்காலிகமாக வைத்தது அவன்தான். திருப்பி எடுத்து வைக்க மறந்ததும் அவன்தான். புரோகிராமும் புதுக் குரல்களை அதிலேயே எழுதி வந்தது. தினமும் நகல் எடுக்கிற ஏற்பாட்டிடம், பழசுக்கு எதற்கு நகல், அந்த ஃபோல்டரை விட்டுவிடு என்று சொல்லி வைத்ததும் சாட்சாத் அவனேதான். அப்படியானால் மாற்றத்துக்குப் பிறகு பதிவான குரல்களுக்கு உலகத்தில் வேறு நகலே இல்லை. மாற்றத்துக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் ஏலக்காரர். மீன் சந்தையில் ஏலம் கூறியே தொண்டை தேய்ந்த மனிதர். அறுவைச் சிகிச்சை முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. கருவியை வாங்கிக்கொள்ள இன்றைக்கு வருகிறார். "அவர் வீட்டம்மா தினமும் போன் பண்ணிக் கேக்குதுடா" என்று நேற்றுத்தான் அக்கா சொல்லியிருந்தாள்.

அந்தக் குரல் இனி அவர் தொண்டையில் இல்லை. பெயரழிந்த ஒரு ஃபைலில் இருந்தது. அந்தப் புரோகிராம் நின்றால் அதுவும் போய்விடும்.

அவசர அவசரமாகப் புரோகிராமை நின்ற இடத்திலேயே உறைய வைத்தான். இனி அது எதையும் எழுதாது, தானாக விழுந்தும் தொலைக்காது. உள்ளே பிடித்து வைத்திருக்கும் ஃபைலை அதன் வழியாகவே வெளியே எடுத்துவிடலாம். வீட்டு இணைப்பில் இழுத்துப் பார்த்தான். நாளைக்குத்தான் முடியும் என்று காட்டியது. சர்வரிலோ எள் போட இடமில்லை. பெரிய வெளி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் போனால்தான் ஆகும்.

டிஸ்க்கைத் தேடி வீட்டு அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. யாருக்கு எப்போது முறை என்கிற பட்டியலும் அதே புரோகிராமில்தான்; அது உறைந்தால் கிளினிக்கில் எல்லாத் திரையும் உறையும். திரை உறைந்தால் அங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் வளர்த்த பிள்ளைகள் ஆயிற்றே. வரவேற்பறைப் பெண் இந்நேரம் அம்புக்குறியைப் பார்த்து நடந்துகொண்டிருப்பாள்.

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தான், இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் நின்றபோது அந்தப் பெண் எடுத்தாள்.

"சார், எல்லாம் அப்படியே நிக்குது. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி..."

"தொடாதீங்க. எதையும் தொடாதீங்க."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும்தானே சார்? நீங்கதான் எப்பவும்..."

"இன்னிக்கு வேணாம்."

"ஏன் சார்?"

"அப்டேட் ஓடுது" என்றான்.

அவள் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது. "அப்டேட்டாம் மேடம்." போன் கை மாறியது.

"டேய்," அக்காவின் குரல். "இங்க வெளிய பத்துப் பேர் உக்காந்திருக்காங்க. யாருக்கு எப்போன்னு ஒண்ணும் தெரியல. உன் அப்டேட் என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும். நானே அலமாரிகிட்டதான் நிக்கிறேன். அஞ்சு விநாடி, அவ்வளவுதான?"

அலமாரிக் கதவின் கிறீச் சத்தம் போனிலேயே கேட்டது. அந்தக் கீலுக்கு எண்ணெய் போடச் சொல்லி அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, வேணாம்."

"காரணம் சொல்லு."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் போவது இன்னொருத்தருடைய குரல். இப்படிப்பட்ட நேரத்தில்கூட மனுஷனுக்குத் தராசு தேவைப்படுகிறது பாருங்கள். அவனுக்கும் ஒரு மூச்சு நேரம் தேவைப்பட்டது.

"விரல் வச்சாச்சு" என்றாள் அக்கா.

"நான் அழிச்சிட்டேன்கா. குரல் எல்லாத்தையும். தெரியாம அழிச்சிட்டேன். ஆனா இன்னும் உள்ள இருக்கு. மெஷின் ஆஃப் ஆகாத வரைக்கும் இருக்கும். நீ அத அழுத்தினா போயிடும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அழுத்திவிட்டாளோ என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"யார் யாரோடது?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"போன மாசத்துக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரும். ஏலக்காரரும்."

"அவரு எதிர்லதான்டா உக்காந்திருக்காரு" என்றாள். "வீட்டம்மாவும்." பிறகு, "நீ கிளம்பு" என்று வைத்துவிட்டாள்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஸ்கூட்டரின் முன்பெட்டியில் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். குழிக்குக் குழி அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டான். கரண்ட் போனால்? சர்வரின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவன் சோதித்துப் பார்த்தே வருஷமாயிற்று. கூட்டிப் பெருக்க வருகிறவர் பிளக்கைப் பிடுங்கினால்? ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டே இருந்தது. எதிரில் பள்ளி வேன் ஒன்று ஆற அமரப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அதன் டிரைவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அக்கா அலமாரிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அவனுடைய காகிதம். வரவேற்பறைப் பெண் துண்டுச் சீட்டில் பெயர் எழுதி ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே டிஸ்க்கைச் செருகினான். அக்கா எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். திட்டியிருந்தால் தேவலை.

உறைந்து நின்ற புரோகிராமின் பிடியிலிருந்து ஃபைல் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்குக்கு வந்தது. அவன் நகத்தைக் கடித்தான். கடிக்க நகம் தீர்ந்ததும் விரல் ஓரத்தைக் கடித்தான். கடைசியில் ஒருவழியாக முடிந்தது. அளவு சரியாக இருந்தது.

"வந்திடுச்சுக்கா."

"அளவு எனக்கு வேணாம். அவர் குரலப் போடு. காதால கேட்டாத்தான் நம்புவேன்."

வரவேற்பு மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. டிஸ்க்கையும் ஸ்பீக்கரையும் தன் லேப்டாப்பில் மாட்டி, ஏலக்காரரின் பதிவைத் தேடிப் பிடித்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில், கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவன் தட்டினான்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு சந்தையையே எழுப்பக்கூடிய அந்தக் குரல், கூடம் முழுக்க.

"கதவ நல்லாப் பூட்டினியா?"

"பூட்டிட்டேன், பூட்டிட்டேன்" என்றாள் அவள், பையிலிருந்து தலையை எடுக்காமலே, நாள் முழுக்க இதே பாட்டுதான் என்கிற சலிப்போடு. "ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான வந்தேன்."

பைக்குள் அவள் கை நின்றது.

ஏலக்காரரின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மாள் மெதுவாக நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், பிறகு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

அவன் மறுபடியும் போட்டான். அவள் கணவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.