தொண்ணூற்றைந்து எடுத்தால் போதும்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வார்டு பாய். வயது நாற்பத்துநான்கு, தலை பாதி நரைத்த பிறகும் பாய்தான். ஊசி போடுவதைத் தவிர எல்லா வேலையும் அவர் தலையில்தான் விழும். அந்த ஊசியையும் போட்டுவிட வேண்டும் என்ற ஆசையில், நர்சிங்குக்கு முந்தைய ஒரு வருட வகுப்பில் சேர்ந்தார். மொத்தத்தில் எழுபத்தைந்து வந்தால்தான் நர்சிங்கில் இடம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ஆக, இதுதான் முதலும் கடைசியும்.

கடைசித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் விரித்தார்.

"இன்னும் எவ்வளவு எடுத்தா எழுபத்தஞ்சு வரும்? நீதான் கணக்குல புலியாச்சே, பாரு."

வீட்டில் கணக்கு என் இலாகா. துணி வெட்டுகிறவள் நான், கணக்கு பிசகினால் ஒரு சட்டை போச்சு. அவருக்கோ சதவீதம் என்றாலே கை கால் உதறும். முதல் தேர்வில் எண்பது, அதற்குப் பதினைந்து சதவீதம். செய்முறையில் எண்பத்துநான்கு, அதற்கு இருபத்தைந்து. இரண்டாம் தேர்வுக்கு இருபது சதவீதம், அதில் முட்டை. அன்றைக்கு இரட்டை டூட்டி போட்டு அவரை விடவில்லை, படுபாவிகள். சாக்கட்டியால் துணி ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். கையில் இருப்பது முப்பத்துமூன்று. இன்னும் நாற்பத்திரண்டு வேண்டும். கடைசித் தேர்வின் பங்கே நாற்பதுதான். அதாவது, அதில் நூற்றுக்கு நூற்றைந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு தடவை போட்டேன். அதேதான் வந்தது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

"அடேங்கப்பா! சரி விடு, ஒரு கை பாத்துடலாம்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் தோற்றுவிடுவார் என்று நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அறுபதோ எழுபதோ எடுப்பார், கேள்வித்தாள் போட்டவனைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன், விஷயம் அதோடு முடிந்துவிடும். கட்டினவரைப் பற்றி ஒருத்தி இப்படி நினைக்கலாமா? நினைத்தேன்.

அவர் படித்த படிப்பு இருக்கிறதே! பல் தேய்க்கும்போது எலும்புகளின் பெயர். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் நோட்டு. படித்துக்கொண்டே பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் நடந்து வந்தார். ஒருநாள் என்னை உட்காரவைத்து நாடி பிடித்துப் பார்த்து, "உனக்கு வேகமா அடிக்குதே" என்றார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாய் வரை வரும். முழுங்கிவிடுவேன்.

நேற்று மத்தியானம் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தொண்ணூத்தேழு!" கத்தினார். "நீ சொன்னதுக்கு ரெண்டு கூட! வகுப்புலயே நான்தான் முதல். மொத்த மார்க் திங்கக்கிழமைதான் ஒட்டுவாங்களாம். அது கிடக்கட்டும், ஹெட் நர்ஸ்கிட்ட இப்பவே சொல்லிட்டேன், தள்ளுவண்டிக்கு வேற ஆளப் பாத்துக்குங்கன்னு. வார்டே கை தட்டிச்சு, தெரியுமா?"

அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் வாழ்த்துவதும் கேட்டது. என் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க, அது தொண்ணூத்தஞ்சு இல்ல."

"பின்ன? அதவிடக் குறைச்சலா?"

"நூத்தஞ்சு."

சிரித்தார். "விளையாடாதம்மா. நூறுக்கு மேல எங்கயாவது மார்க் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க" என்றேன்.