கட்டிலடிப் பெட்டி

பூங்காவனத்துக்குக் காலை எட்டு மணிக்கு வலி எடுத்தது. பத்து மணிக்கெல்லாம் அந்த வீட்டில் மூடியோடு ஒரு பாத்திரம்கூட இல்லை.

மருத்துவச்சி மக் மின்னா மலாய்க்காரி. காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. வந்ததும் வராததுமாக, "புக்கா செமுவா" என்றாள். எல்லாவற்றையும் திறந்துவிடு என்று அர்த்தம். வீட்டில் எது மூடிக் கிடந்தாலும் பிள்ளைக்கு வழி அடைபடும். பூங்காவனத்தின் புருஷன் தம்பிராஜாவின் அம்மாவும் இதையேதான் சொல்வாள். இரண்டு இனமும் ஒரே வாயாகச் சொல்கிற விஷயத்தில் சந்தேகப்பட அவன் யார்?

அரிசி டின், ஊறுகாய் ஜாடி, சன்னல், சைக்கிள் பூட்டு என்று ஒன்றையும் விடவில்லை. போன மாதம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிக்கயிற்றின் முடிச்சைக்கூட அவிழ்த்தான். வேலியில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ராஜரத்தினத்தின் ஆடும் தப்பவில்லை.

"ஒனக்குப் புள்ள பொறக்க என் ஆடு என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே மனிதர் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

மிச்சம் இருந்தது கட்டிலடியில் ஒரு தகரப் பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன மூத்த மகள் இந்திராவின் சட்டைகள் அதில் இருந்தன. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவன் பூட்டியது. சாவி அவன் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. பெட்டியை இழுத்தான். பதினோரு மாதப் பிள்ளையின் வாசனை உள்ளே இன்னும் இருக்குமோ என்று நினைத்ததும் கை ஓடவில்லை. இருந்தால் தாங்க முடியாது. இல்லாவிட்டாலும் தாங்க முடியாது.

ஒரு பெட்டி என்ன செய்துவிடும் என்று அதைக் காலால் உள்ளே தள்ளினான்.

மூன்று மணிக்குப் பையன் பிறந்தான். அழவில்லை. மக் மின்னா முதுகில் தட்டினாள், வாயில் ஊதிப் பார்த்தாள். கடைசியில் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் தெறந்தீங்கதானே?" படுத்தபடியே பூங்காவனம் கேட்டாள்.

"தெறந்தேன்."

"பெட்டிய?"

"அதையும்தான்."

"அப்ப நம்ம மேல தப்பில்ல" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பொய்யாவது ஒரு நல்லது செய்ததே என்று அவன் நினைத்தான்.

ஐந்தாம் நாள், பையனுக்கென்று தைத்த சட்டையை எடுத்துக்கொண்டு வந்து பூங்காவனம் பெட்டிச் சாவி கேட்டாள்.

"நீ உக்காரு. நான் வச்சிடுறேன்."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தான்.

சாவி நுழையவில்லை. பூட்டின் வாயைத் துரு அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள், அப்போதும் நுழையவில்லை. விரலில் ஒட்டிய துருவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அஞ்சு நாளைக்கு முன்ன தெறந்த பூட்டுங்களா இது?"

அன்றைக்கு முயன்றிருந்தாலும் திறந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் முயலவில்லையே.

அதன் பிறகு பூங்காவனம் அந்த வீட்டில் எதையும் மூடவில்லை. அரிசியில் வண்டு விழுந்தது. சன்னல் வழியாக மழைச்சாரல் கட்டில்வரை வந்தது. தம்பிராஜா எழுந்து போய் மூடினால், அவள் பின்னாலேயே வந்து திறந்துவிட்டுப் போவாள்.