ஓர் இடது காது, கொஞ்சம் ஏரி

என் மனைவி இறந்த பிறகு மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் கடைசியாகப் போன பயணத்தில் அவள் இருக்கும் ஒரு படம். அதைத் தன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அது பழுப்பேறிய படம். இதுவும் அதே நிறத்தில் வேண்டும்.

அப்படியொரு படமே இல்லை. கேமராவை அவள் என் கையில் கொடுக்கவே மாட்டாள். நான் எடுத்தால் அவள் மூக்கு பெரிதாகத் தெரியுமாம். இதை அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தை வாங்கிப் போக வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். எனக்குத் துணை மச்சினி. அவளை அக்காள் 'வாலு' என்பாள். எனக்கும் அதே பழக்கம்.

"ஒண்ணுல கூடவா இல்ல? கண்ணாடியில, ஜன்னல்ல, எங்கயாவது நிழலா?"

"தேடிட்டேன்."

"நல்லாத் தேடினீங்களா? இல்ல, ஃப்ரிட்ஜ்ல எலுமிச்சம்பழம் தேடுவீங்களே, அந்த மாதிரியா?"

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். நிறத்தையாவது பார்ப்போம் என்று ஒரு படத்தில் பழுப்பை ஏற்றினாள். ஏரிக்கரையில் நான். வெள்ளை ஓரம், பொடிப்பொடியாகப் புள்ளிகள், மங்கிய வானம். என் நீலச் சட்டை போன இடம் தெரியவில்லை. தந்தி கொண்டுவந்தவன் மாதிரி நின்றேன்.

"ஐயோ மாமா, ஒரு முறுக்கு மீசை வெச்சா எங்க தாத்தாவுக்கே நீங்க தாத்தா!"

கீழ் மூலையில் ஆரஞ்சாக ஒரு வெளிச்சம் கசிந்திருந்தது.

"இதுதான் சூப்பர். பழைய ஃபிலிம்ல வெளிச்சம் புகுந்த மாதிரியே போட்டிருக்கு. கொஞ்சம் ஓவர், குறைக்கிறேன்."

அந்த வெளிச்சத்தின் அளவைப் பூஜ்யத்துக்குத் தள்ளினாள். போகவில்லை. அடுத்த படம். அதிலும் அதே மூலை. பழுப்பு, புள்ளி, ஓரம் எல்லாவற்றையும் நீக்கினாள். கசிவு மட்டும் அசையவில்லை. இளஞ்சிவப்பாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

வாலு திரையில் மூக்கை ஒட்டினாள்.

"மாமா. இது வெரலு."

விரல்தான். படத்துக்குப் படம். மணிக்கூண்டை மறைத்து, ரயிலை மறைத்து, என் பாதி முகத்தை மறைத்து. இவற்றையெல்லாம் கெட்டுப்போன படம் என்று நான் தள்ளிவிட்டுப் போயிருந்தேன்.

"இதோ அக்கா! இங்க பாருங்க, இன்னொரு அக்கா! இதுல மோதிரம் வேற!"

எனக்கு விக்கல் மாதிரி ஏதோ வந்தது. இரண்டாவது முறை வந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்தேன். பின்னாலேயே வாலுவும் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம்.

"என்ன கூத்து இது? மனுஷியத் தூங்க விடுறீங்களா?"

அறை வாசலில் அத்தை. கப்சிப் ஆனோம். இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத்தை, அவ இருக்கிற படம் ஒண்ணும் இல்ல. வெரலு மட்டும்தான் இருக்கு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு படமாக நகர்த்தினார். வாலு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எருமை," என்றார் அத்தை, திரையைப் பார்த்து. "கேமராவப் புடிச்சிருக்கா பாரு, கத்தரிக்காயப் புடிக்கிற மாதிரி."

தோள் குலுங்கியது. பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் ஒழுகியது, அதை அவர் சட்டை செய்யவில்லை.

ஒரு படத்தில் நிறுத்தினார். முக்கால்வாசி விரல். ஓரத்தில் என் இடது காது, கொஞ்சம் ஏரி.

"இதான். இதுலதான் நல்லா விழுந்திருக்கா. அந்தப் பழுப்ப ஏத்துடி."

வாலு ஏற்றினாள். விரல் பொன்னிறமானது. அத்தை தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. உங்க காத மட்டும் வெட்டிர முடியுமா?"

"முடியாது அத்தை. அவ பார்த்துக்கிட்டு இருந்ததே அதத்தான்."

வாலு மறுபடி தரைக்குப் போனாள்.

அத்தை திரையிலிருந்த காதை உற்றுப் பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார்.

"இதுல என்னத்தக் கண்டாளோ," என்றார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். பெரிசாவே போடுங்க."