அஞ்சாம் மெஷின் முக்கப் போவுது

திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனி. அங்கே மெஷினுக்கெல்லாம் புதிதாகக் காது முளைத்திருந்தது. மோட்டாரின் சூடு, அதிர்வு, கரண்ட் இழுக்கும் அளவு எல்லாவற்றையும் சென்சார் வழியாகக் கேட்டு, கோளாறு வருமுன்னே சொல்லிவிடும் ஏஐ வந்திருந்தது. அதைப் பழக்கும் வேலை ஏம்பலத்துச் சரண்யாவுக்கு. படித்த படிப்புக்கு ஓசூர், சென்னை என்று மூட்டை கட்டாமல், வீட்டிலிருந்தே பஸ் ஏறிப் போய்வரும் வேலை. அதை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் அந்த ஏஐ ஒரு கோளாறைக்கூட முன்கூட்டிச் சொன்ன பாடில்லை. பெல்ட் அறுந்து விழுந்த பிறகு 'பழுது' என்றது. அதைச் சொல்ல ஏஐ எதற்கு? மேனேஜர் சிவப்பிரகாசம் கத்துகிற ஆளில்லை; அதுதான் இன்னும் பயம்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள ஒண்ணாவது முன்னாடியே சொல்லணும். இல்லன்னா இத கழட்டிடலாம், நீயும் வேற எடம் பாத்துக்க" என்று பிரியமாகவே சொல்லிவிட்டார்.

சென்சார் அனுப்பும் அளவு திரையில் கோடாக ஓடும்; திடீரென்று ஏறும், இறங்கும். அந்த நேரத்தில் மெஷினுக்கு என்ன ஆனது என்று ஆபரேட்டர்கள் டேப்லெட்டில் பேசிப் பதிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் ஏஐ கற்றுக்கொள்ளும். சரண்யா அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டாள்.

"வணக்கம். மூன்றாம் எண் இயந்திரம் பழுதடைந்துள்ளது. நன்றி."

எல்லாமே இப்படித்தான். நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டும் வில்லியனூர் சகாயராணி, டேப்லெட்டைக் கண்டால் ரேடியோவில் செய்தி வாசித்தாள். ஃபிட்டர் அன்புராஜ் கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். சரண்யாவுக்குச் சிரிப்பு வந்தது. பெல்ட் வழுக்கினாலும் பழுது, ஆயில் அடைத்தாலும் பழுது என்றால், பாவம், அது எதைத்தான் கற்கும்?

கேட்டுவிடலாம் என்று உள்ளே போனாள். மூன்றாம் மெஷின் முன்னால் சகாயராணி கையை இடுப்பில் ஊன்றி, அதைத் திட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்குடி காலையிலேர்ந்து இப்டி முக்கிக்கினே கெடக்குற? நேத்து நல்லாத்தான இருந்த?"

சரண்யா நின்றுவிட்டாள். கரும்புக் கொல்லை மோட்டார் தண்ணீரை இழுக்கத் திணறும்போது அவள் அப்பாவும் 'முக்குது' என்றுதான் சொல்வார்.

"இத ஏங்கா டேப்லெட்ல சொல்லல?"

"நீதானம்மா நல்ல தமிழ்ல பேசச் சொன்ன? முக்குது, மொனவுது, இஸ்து இஸ்து வுடுதுன்னா ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா?"

சொன்னவள் சரண்யாவேதான். முதல் நாள் பயிற்சியில், கம்பெனி வாசலில் வழக்கம்போல 'இன்னா'வைக் கழற்றி வைத்துவிட்டு 'என்ன'வை மாட்டிக்கொண்டு சொன்னாள். இப்போது முகம் சுட்டது.

"தப்பு என்னுதுதாங்கா. இனிமே மெஷின எப்டி திட்டுவியோ, அப்டியே அதுல திட்டு."

"கெட்ட வார்த்த வந்துடுமேம்மா."

"வரட்டுங்கா. அத நான் எடுத்துடறேன்."

அன்றிலிருந்து டேப்லெட்டுக்கு வசவு மழைதான். அன்புராஜ் இவ்வளவு திட்டுவார் என்று யாருமே நினைக்கவில்லை. ஆயில் அடைத்து முக்குவது ஒன்று, முனகுவது ஒன்று, பெல்ட் வழுக்கி இழுத்து இழுத்து விடுவது ஒன்று என்று கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துவந்தன. திரையில் வரும் எச்சரிக்கையையும் சரண்யா அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவைத்தாள்.

மாசக் கடைசியும் வந்தது. வாசலில் லோடு ஏற்ற லாரி நின்றது. சகாயராணி அன்றைக்கு ஐந்தாம் மெஷினில் இருந்தாள். திரை சிவந்தது.

'அஞ்சாம் மெஷின் முக்கப் போவுது.'

சகாயராணி காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணும் இல்லயேம்மா. பூ மாதிரி ஓடுது."

அன்புராஜ் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் லாரியைப் பார்த்தார், சரண்யாவைப் பார்த்தார். சும்மா நிறுத்தியதாகிவிட்டால் அவள் கதை இன்றோடு சரி.

"நிறுத்துங்க சார்" என்றாள்.

அன்புராஜ் ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். கறுப்புச் சேறாகக் கசடு அப்பியிருந்தது. "வுட்டிருந்தா பம்ப்பு காலி சார்" என்றார். அதைக் கழுவி மாட்டி, லாரிக்காரர் டீ குடித்து வருவதற்குள் மெஷினை ஓடவிட்டார்.

சிவப்பிரகாசம் திரையை இன்னொரு முறை படித்தார். "அடுத்த மாசம் ரெண்டாவது ஷெட்டுலயும் மாட்டணும். நீ எடம் கிடம் தேடாத."

அங்கே எத்தனை மெஷின் என்று சரண்யா கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அன்றைய பதிவுகளைக் கேட்டாள். கடைசியில் சகாயராணியின் குரல், மெதுவாக, யாரும் பக்கத்தில் இல்லாதபோது டேப்லெட்டிடம் பேசியதுபோல்: "எனக்கே கேக்கல. ஒனக்கு எப்டிடி கேட்டுது, கெட்டிக்காரி?"

ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் எந்தக் கோளாறு என்று குறிக்கும் இடத்தை, இதற்கு மட்டும் சரண்யா காலியாக விட்டாள்.